மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மருத்துவமனை மருந்தகத்தின் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று 31 வருடங்களாக மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களை மாதம் ஒருமுறை மேசையில் பரப்பி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்குவது வழக்கம். இந்த மாதம் ஒரு அடுக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. எல்லாம் பாராசிட்டமால் பற்றிய கேள்விகள். காய்ச்சல், தலைவலி, பல்வலி, உடம்புவலி எதுவானாலும் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, அந்த மாத்திரைதான். அதனால் இந்த இதழில் வேறெதற்கும் போகாமல் முழு இடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. சளி, காய்ச்சல் என்று மூன்று நாளாகப் படுத்திருக்கிறார். காய்ச்சலுக்கு 650 மாத்திரை நான்கு வேளை, சளிக்கு ஒரு மாத்திரை மூன்று வேளை கொடுக்கிறேன். முட்டிவலிக்கு அவர் ஏற்கெனவே காலையும் இரவும் ஒரு மாத்திரை போடுகிறார். மூன்றும் வேறு வேறு மாத்திரைகள்தானே, சேர்த்துப் போடலாமா? மூன்று அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (ஒரு மகள்)

படம் அனுப்பியது ரொம்ப நல்ல காரியம். கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்கு நேரடியாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டைகளின் முன்பக்கத்தில் மூன்று பெயர்கள், மூன்று நிறங்கள். பின்பக்கத்தில், வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் இடத்தில், மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால் 650 மில்லிகிராம். சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500, கூடவே மூக்கொழுகலுக்கு ஒன்றும் மூக்கடைப்புக்கு ஒன்றுமாக இரண்டு மருந்துகள். முட்டிவலி மாத்திரையில் அசெக்ளோஃபெனாக் 100, அதனோடு பாராசிட்டமால் 325.

கூட்டிப் பார்ப்போம். 650 நான்கு முறை, 2600. 500 மூன்று முறை, 1500. 325 இரண்டு முறை, 650. ஆக மொத்தம் 4750 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவரே 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 68 வயதில், சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்கு நான் 3000-ஐயே எல்லையாகச் சொல்வேன். நீங்கள் எந்த மாத்திரையையும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாகப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கூட்டும்போதுதான் எல்லை தாண்டியது தெரிகிறது.

இதே கணக்கை என் வீட்டிலேயே நான் போட வேண்டிவந்தது. என் அம்மாவுக்கு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டி ஒரு தகர டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தது. வெளியே போகும்போது ஒரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொள்வது அவருக்கு வசதி. ஒருமுறை வைரஸ் காய்ச்சலில் விழுந்தார். நான்கு நாள் கழித்தும் சோர்வு போகவில்லை, வாந்தி வருகிற மாதிரியே இருக்கிறது என்றார். அன்றைக்கு இரவு அந்த டப்பாவைக் கவிழ்த்தேன். மொத்தம் 14 துண்டுகள். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தால், ஒன்றில் பெயரின் கடைசி மூன்று எழுத்து, ஒன்றில் 'மி.கி.' மட்டும், ஒன்றில் காலாவதி வருடத்தின் பாதி. எந்தத் துண்டு எந்த மருந்து என்று எனக்கே தெரியவில்லை. மாத்திரையின் நிறத்தையும் அதன்மேல் இருந்த கோட்டையும் வைத்துத்தான் பிரித்தேன். காய்ச்சலுக்கு, உடம்புவலிக்கு, தலைபாரத்துக்கு என்று அவர் மூன்று விதமாக நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தவை எல்லாமே பாராசிட்டமால். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் கூடியிருந்தன. மருந்தை நிறுத்திய பிறகு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டன. பகலெல்லாம் ஜன்னலில் நின்று ஊருக்கே சொல்கிற நான், என் அம்மாவின் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

கல்லீரல் ஏன் பாதிக்கப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியாக அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்குவதற்குக் கல்லீரலில் குளுட்டாதயோன் என்ற பொருள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அளவோடு போட்டால் இந்தக் கையிருப்பே தாராளம். அளவு மீறினால் நச்சு அதிகமாக உண்டாகும், கையிருப்பு தீர்ந்துபோகும், மிச்ச நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும். சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் இந்தக் கையிருப்பு முன்பே குறைவாக இருக்கும். அவர்களுக்கு எல்லையைக் குறைத்துச் சொல்வது அதனால்தான்.

அப்பாவுக்கு இப்போது என்ன செய்வது? காய்ச்சல் மாத்திரையையும் சளி மாத்திரையையும் நிறுத்திவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூன்று அட்டைகளும் கையோடு போகட்டும். மூன்று நாளாகக் கொடுத்த கணக்கைச் சொல்லி, கல்லீரல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று நாள் காய்ச்சலுக்கு எப்படியும் ஒருமுறை காட்டியாக வேண்டும். முட்டிவலி மாத்திரை தொடர வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

அப்புறம், அட்டையின் பின்பக்கத்தில் அசிட்டமினோஃபென் என்று போட்டிருந்தாலும் அது பாராசிட்டமால்தான். சில நாடுகளில் அந்தப் பெயரில் விற்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசனவாயில் வைக்கும் மருந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள் எல்லாவற்றிலும் இதே பெயர் இருக்கலாம். எந்த வழியாக உள்ளே போனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: என் எடை 46 கிலோ. 500 போடுவதா, 650 போடுவதா? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? (அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகி)

உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு 500 போதும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் போக வேண்டும், ஆறு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. 50 கிலோவுக்கு மேல் இருக்கும் பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 வரை போடலாம். அவர்களுக்கும் ஒரு நாள் கணக்கு 4000-க்குள் நிற்க வேண்டும்.

650 என்றால் 'பவர்' அதிகம், காய்ச்சலுக்கு அதுதான் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு மருந்து இல்லை. அதே மருந்து 150 மில்லிகிராம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மருந்து மெதுவாகக் கரைந்து வெளியேறும்படி செய்த மாத்திரைகளும் 650, 665 அளவுகளில் உண்டு. அவற்றை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போட வேண்டும். உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். அட்டையில் அந்த விவரம் இருக்கும். இல்லாவிட்டால் மருந்தாளுநரைக் கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: என் பையனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, 10 கிலோ இருக்கிறான். வீட்டில் காய்ச்சலுக்கு இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று டிராப்ஸ், இன்னொன்று சிரப். போன தடவை சிரப் 6 மில்லி கொடுக்கச் சொன்னார்கள். சிரப் தீர்ந்தால் டிராப்ஸை அதே 6 மில்லி கொடுக்கலாமா? ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தால் சரியா? (முதல் குழந்தையின் தாய்)

டிராப்ஸை 6 மில்லி கொடுக்கவே கூடாது. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் நீங்கள் கொடுத்துவிடவில்லையே என்று உங்களைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

குழந்தைகளுக்கு அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்துத்தான். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பையன் 10 கிலோ, ஆக ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இனி பாட்டிலைப் பாருங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும், அதில் 6 மில்லி எடுத்தால் 150. அதே மாதிரி தோற்றத்தில் இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250 இருக்கும், அதில் 3 மில்லியே 150. டிராப்ஸ் கைக்குழந்தைகளுக்காகக் கெட்டியாகச் செய்வது. பல டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லி எடுத்தாலே 150 வந்துவிடும். 6 மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம். ஒரு வயதுக் குழந்தைக்கு நான்கு வேளை மருந்தை ஒரே வாயில் கொடுத்த மாதிரி.

பாட்டில் சின்னதாக இருக்கிறது, அதனால் மருந்தின் வேகமும் குறைவாக இருக்கும் என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது. உண்மை நேர் எதிர். மருத்துவர் 'ஐந்து மில்லி கொடுங்கள்' என்று சொன்னால், 'எந்த பாட்டிலில், எத்தனை மில்லிகிராம்?' என்று கேட்டு, பாட்டிலின் மேலேயே ஒரு பிளாஸ்திரி ஒட்டி எழுதிவைத்துவிடுங்கள். மருந்தகத்தில் நான் சிரப் கொடுக்கும்போது பேனாவால் மூடியில் எடையையும் மில்லியையும் எழுதித்தான் கொடுப்பேன். '10 கிலோ, 6 மில்லி' என்று அந்த எழுத்தைப் பார்த்தாலே ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்திருப்பவருக்கும் குழப்பம் வராது. குழந்தை வளர்ந்து எடை கூடினால் பழைய எழுத்து செல்லாது, அதையும் சொல்லி அனுப்புவேன்.

ஸ்பூன் வேண்டாம். வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடி, அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு, இவை இரண்டில் ஒன்றுதான். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும். மூடியில் ஊற்றினால் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல், மேசைமேல் வைத்துக் குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பாருங்கள். சிரிஞ்சு என்றால் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறிவிடும்.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளை வரை காத்திருங்கள். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். நன்றாகத் தூங்குகிற குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் தேவையில்லை. நாம் மருந்து கொடுப்பது குழந்தையின் அவஸ்தை குறைவதற்காக. அது தூங்குகிறது என்றால் அந்த நேரத்துக்கு அவஸ்தை இல்லை.

இன்னொன்று. அம்மா ஒருமுறை கொடுத்திருப்பார், அது தெரியாமல் பாட்டி ஒருமுறை கொடுப்பார். நல்ல மனதோடு நடக்கிற தவறு இது. ஒரு தாளில் நேரமும் மில்லியும் எழுதி பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டால் இது நடக்காது.

கேள்வி: மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் திரும்ப ஏறுகிறது. இன்னொன்று போடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

போடக் கூடாது, ஐயா. நான்கு மணி நேரம் ஆகட்டும். பாராசிட்டமால் நோயைக் குணப்படுத்துவதில்லை. மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் இடத்தில் வேலை செய்து, சில மணி நேரத்துக்கு வெப்பத்தை இறக்கிவைக்கிறது. நோய்க்கிருமி உள்ளே இருக்கும் வரை காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். 103 இருந்தது 101-க்கு வந்து, உடம்பு கொஞ்சம் லேசாகி, தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. 98.4-ஐப் பார்த்தே தீருவேன் என்று அடுத்தடுத்துப் போடும்போதுதான் அளவு தாண்டுகிறது. இடைப்பட்ட நேரத்தில் கனமான போர்வையை எடுத்துவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஐஸ் தண்ணீரில் துடைப்பது வேண்டாம், நடுக்கம் வந்து உள்வெப்பம் கூடும்.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, வலிப்பு, குழப்பமான பேச்சு, உடம்பில் சிவப்புப் புள்ளிகள், சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: போன மாதம் பல்வலி தாங்க முடியாமல் ஒரே ராத்திரியில் 500 மாத்திரை பன்னிரண்டு போட்டுவிட்டேன். மறுநாள் கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (32 வயது வாசகர்)

வேண்டாம் தம்பி, அப்படி எடுத்துக்கொள்ளவே வேண்டாம். உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். தப்பித்திருக்கிறீர்கள், அதற்காக மனதார மகிழ்கிறேன். மறுமுறையும் தப்பிப்பீர்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இந்த மருந்தில் எனக்குப் பயம் தருவது அதன் அமைதிதான். அளவு மீறிய முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் வியர்வை, சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாவது நாளில் குமட்டல் நின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று ஆள் எழுந்து வேலைக்குக்கூடப் போய்விடுவார். கல்லீரல் உள்ளே சிதையத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். வலது பக்க விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், குழப்பம், ரத்தக்கசிவு எல்லாம் பிறகு வருகின்றன. மூன்றாவது, நான்காவது நாள் ஆகும்போது பாதிப்பு உச்சத்தில் இருக்கும்.

ஆனால் இந்த நச்சுக்கு நல்ல முறிவு மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். நான் மேலே சொன்ன குளுட்டாதயோன் கையிருப்பை இது நிரப்பிக்கொடுக்கிறது. 1970-களில் எடின்பரோ மருத்துவர்கள் இதை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்துப் பயனைக் காட்டினார்கள். ஒரேயடியாக அளவு மீறியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் கல்லீரலை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக அதன் பலன் குறையும், ஆனாலும் தாமதமாகப் போனவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதனால் வயிறு வலிக்கட்டும், மஞ்சள் தெரியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை போட்டீர்கள் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். காலி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

1998-ல் பிரிட்டனில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்தகங்களில் 32, அதற்கு மேல் ஒரு பெட்டியில் வைத்து விற்கக் கூடாது. அதற்குப் பிறகு அங்கே பாராசிட்டமால் அளவு மீறி இறப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் எத்தனை இருக்கிறது என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு அட்டைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மனம் உடைந்திருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் அந்த ஒன்றும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

பல்லுக்கு வருவோம். பல்வலி மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால் உள்ளே சீழோ, நரம்புப் பாதிப்போ இருக்கிறது. அதற்குப் பல் மருத்துவர்தான் வழி. ராத்திரியைக் கடத்த வேண்டும் என்றால் நேரம் பார்த்து இரண்டு 500 போடலாம், அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. இப்போதும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: தினமும் மாலையில் மது அருந்துபவர் தலைவலிக்கு இதைப் போடலாமா? என் கணவருக்காகக் கேட்கிறேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

தினமும் குடிப்பவரின் கல்லீரல் பாராசிட்டமாலிலிருந்து அந்த நச்சுப் பொருளை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கும். அதை அடக்கும் கையிருப்பும் அவருக்குக் குறைவு. அதனால் மற்றவருக்குச் சரியான அளவே அவருக்கு அதிகமாகிவிடலாம். நாளைக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதுவும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஓரிரு நாளுக்கு மட்டும். குடிக்கிற விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மாதத்தில் பாதி நாள் தலைவலி. ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை போட்டால் கேட்கிறது, மறுநாள் திரும்ப வருகிறது. (கல்லூரி மாணவி)

வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலை ஒன்று உண்டு. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாக இப்படிப் போட்டுக்கொண்டிருந்தால், தலைவலி போவதற்குப் பதிலாக நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒரு நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளையெல்லாம் வட்டம் போட்டு, அதை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றைத் தலைவலியாக இருந்தால் வராமல் தடுப்பதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டெங்கு என்று சந்தேகம் வந்தால் பாராசிட்டமால் போடலாமா? (இரண்டு பிள்ளைகளின் தந்தை)

போடலாம், அதைத்தான் போட வேண்டும். ஐபூப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் இவை டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பாராசிட்டமாலோடு ஐபூப்ரோஃபென் சேர்ந்த மாத்திரைகளும் இருப்பதால் இங்கேயும் அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டெங்குவில் கல்லீரலும் பாதிக்கப்படலாம், அதனால் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். காய்ச்சல் விட்ட அடுத்த ஓரிரு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாட்கள். வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனை.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. விழுங்கக் கஷ்டமாக இருப்பதால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை போடுகிறேன். சரிதானே? (71 வயது வாசகி)

அம்மா, அந்த நுரையை உண்டாக்குவது சோடியம் சேர்ந்த உப்பு. கரையும் 500 மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லையே 2000. நான்கு மாத்திரை போட்டால் அதில் 1600 போய்விடுகிறது. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண மாத்திரையை நடுவில் உள்ள கோட்டில் இரண்டாக உடைத்து விழுங்கிப் பாருங்கள், அல்லது பெரியவர்களுக்கான அளவில் சிரப் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறீர்களா என்பதை எழுதவில்லை. போடுவதாக இருந்தால், தொடர்ந்து பல நாள் பாராசிட்டமால் போடும்போது வார்ஃபரினின் வேகம் கூடும், ரத்தப் பரிசோதனையைச் சீக்கிரம் செய்ய வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் பூனை இரண்டு நாளாகச் சுருண்டு படுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறது. குழந்தை சிரப்பில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா? (எட்டாம் வகுப்பு மாணவி)

கொடுக்கவே கூடாது கண்ணா. இரண்டு சொட்டும் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். மனிதர்களின் கல்லீரல் பாராசிட்டமாலைத் தீங்கில்லாத பொருளாக மாற்றுகிறது என்று மேலே எழுதினேன், இல்லையா? அந்த வேலையைச் செய்யும் முக்கியமான என்சைம் பூனைக்குப் போதுமான அளவு கிடையாது. அதனால் மருந்து நச்சாக மாறி அதன் ரத்தத்தையே கெடுத்துவிடும், ஆக்ஸிஜனைச் சுமந்து செல்ல முடியாமல் போய்விடும். நமக்கு ஒரு வேளைக்கான ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுவது, முகமும் பாதமும் வீங்குவது, மூச்சு வாங்குவது இவையெல்லாம் அதன் அறிகுறிகள்.

வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல். வேறு யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களா என்று எல்லாரிடமும் ஒருமுறை கேட்டுப் பார். கொடுத்திருந்தால் யாரையும் திட்ட வேண்டாம். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி, அந்த பாட்டிலோடு சேர்த்து மருத்துவரிடம் கொடு.